கிள்ளானுக்குப் போன கடைசிப் பெட்டி

நவம்பர் 10, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். மூன்று மணிக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பார்சல் ஆபீஸ் கூரை அதே பழைய இடத்தில் ஒழுகல். யாரிடம் சொல்லி என்ன.

சிங்கப்பூர் மெயிலில் புதுப் படம். தகரப் பெட்டி ஐந்து. போன வாரம் இங்கே ஓடிய மாமியார் படத்தின் ஐந்து பெட்டிகளும் கொட்டகையிலிருந்து வந்து, கிள்ளான் போகக் காத்துக் கிடந்தன. ஸ்டேஷன் பார்சல் கிராணி நான் ஒருத்தன்தான், பத்துக்கும் நானே லேபிள்.

அதற்கு முன்னால், பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள். வெள்ளைக்கார டாக்டர் துரை கூப்பிடுகிறாராம். போனேன். துரை இங்கிலீஷில் சொன்னார். கூட நின்ற ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் செல்லையா அதையே தமிழில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். இருந்தும் இரண்டு தடவை கேட்டேன். எஸ்தருக்கு இரண்டு பக்கமும் நுரையீரல் போய்விட்டது. கிறிஸ்துமஸ் வரை இருந்தால் பெரிது.

வெளியே வந்ததும் செல்லையா என் தோளைத் தொட்டார். "வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க, கிராணி. மனசு விட்டுட்டா அதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்."

திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். லேபிள், பசை, நூல். வேறென்ன செய்ய.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய். எ.வுக்கு ஆரஞ்சு. குடைக் கம்பி.

நவம்பர் 11, புதன்

வெயில். தாங்க முடியாத புழுக்கம்.

ஆஸ்பத்திரி, நாலு முதல் ஐந்து வரை. நெஞ்சு நோய் வார்டு, வராந்தா, எ.வின் கட்டில் வலது கோடி. என் நாற்காலி ஆறடி தள்ளி, தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம். தாண்டினால் நர்ஸ் சத்தம் போடுவாள்.

"டாக்டர் உங்களக் கூப்பிட்டாராமே நேத்து?"

"ஆமா. தேறிட்டு வர்றியாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாரு."

வாய் கூசவில்லை. பாவி நான்.

எ. போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு, "புதுப் படம் வந்திருச்சா?"

அப்பாடா. "நாளைக்குப் போடுறாங்க. வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்."

"உள்ளபடி சொல்லணும்."

அது எங்களுக்குள் பழைய பேச்சு. கல்யாணமான புதிதில் பேசாப் படம். திரை ஓரமாக ஒருவர் குச்சியோடு நின்று கதை சொல்வார். கதாநாயகி செத்துப் போனதை 'காசிக்குப் போய்விட்டாள்' என்று மாற்றிச் சொல்லிவிட்டார். எ. அப்படியே நம்பிவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது நான் உண்மையைச் சொன்னதும் பிரிக்பீல்ட்ஸ் சடக்கு முழுக்க அந்த மனுஷரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்குப் போட்ட சட்டம்: வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், படத்தில் மட்டும் கூடாது.

பத்து வருஷம் சேர்ந்து படம் பார்த்திருக்கிறோம். ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் பக்கம் தனி, நடுவில் கயிறு. பேச்செல்லாம் நடந்து வரும்போதுதான். சண்டையும். இப்போது கயிற்றுக்குப் பதில் சுண்ணாம்புக் கோடு.

தூக்கம் வரவில்லை. மனதை மாற்ற, பேசும் படங்களைப் பற்றி என் புகார்களை எழுதி வைக்கிறேன்:

டைரக்டர்கள். பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது என்று கேள்வி. கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு, நடிகர் வாயை மூடியதும் வசனம் முடிந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள் போல.

பாட்டு. மாமியார் படத்தில் முப்பத்தெட்டு. எண்ணினேன். விக்கல் எடுத்தால்கூட ஒரு பாட்டு.

நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று மைக்கிலும் கத்துகிறார்கள். பேசாப் படத்தில் முகம் இருந்தது. இப்போது வாய் மட்டும்.

முடிவு. எரிச்சலில் பெரிய எரிச்சல் இதுதான். யார் செத்தாலும் அட்டை மேகத்தைப் பிளந்துகொண்டு பரமசிவன் இறங்கி எழுப்பிவிடுகிறார். செத்தவர்களைச் சாகவிடத் தைரியமுள்ள டைரக்டர் ஒருத்தனாவது பிறக்க மாட்டானா என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்!

எ.வின் கட்சி வேறு. "வந்தவங்கள அழ வெச்சுத்தான் அனுப்பணுமா? அவரு எறங்கி வந்தா உங்களுக்கென்ன நஷ்டம்?" பாஸ்டர் ஐயா கேட்டால் இரண்டு பேருக்கும் தனிப் பிரசங்கம்.

நவம்பர் 12, வியாழன்

ஆறரை ஷோ. கொட்டகை நிரம்பி வழிந்தது. கச்சாங் பூத்தே கடலை ஒரு பொட்டலம். எ. இருந்தால் இரண்டு.

படத்துக்கு நான் வைத்த பெயர் ஆற்றுப் படம். ராஜா சந்தேகப்பட்டு ராணியைக் கைக்குழந்தையோடு காட்டுக்குத் துரத்துகிறான். குழந்தை காய்ச்சலில் போய்விடுகிறது. அந்த இடத்தில் பாட்டு இல்லை! ராணி குழந்தை படுத்திருந்த துணியை மடிக்கிறாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான். கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த டைரக்டர் எந்த ஊர்க்காரனோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

கடைசியில் ஆற்றங்கரை. வெள்ளம். ராணி பாறை மேல் நிற்கிறாள். தூரத்தில் ராஜாவின் குதிரை. ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். மறுபடி அணைத்தார்கள்.

திரையில் போன வாரத்து மாமியார். உலக்கையோடு மருமகனைத் துரத்துகிறாள்.

"டேய், ராணி எங்கடா?" விசில். பெஞ்சு தட்டல். யாரோ செருப்பை எறிந்தார்கள். மானேஜர் காதர் பாய் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் ஏறினார்.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க! பொட்டி மாறிப் போச்சு. மிச்சக் கதைய நான் சொல்றேன். ராணி ஆத்துல விழுந்துட்டாங்க. பரமசிவன் வந்து காப்பாத்திட்டாரு. ராஜா மன்னிப்புக் கேட்டுட்டாரு. எல்லாரும் சொகம். பாத்துப் போங்க."

"பாய், நீங்க படத்தப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்னா? எந்தப் படத்துல அவரு வராம இருந்தாரு?"

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். நான் மாடி அறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். வெளியே 'கோலாலம்பூர், கடைசி ரீல்' என்று என் கையெழுத்து. உள்ளே மாமியார். அப்படியானால் ராணி கிள்ளானில்.

எட்டு வருஷ சர்வீஸில் என் கையில் ஒரு பெட்டி மாறியதில்லை.

நவம்பர் 13, வெள்ளி

மழை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் வசவு. "மாத்தி ஒட்டினது நீர்தானே? நாளைக்கு நீரே போய்த் தூக்கிக்கொண்டு வாரும்." பாய் இன்றைக்கு ஷோ இல்லை என்று பலகை மாட்டிவிட்டார். அவரைப் பார்த்ததும் தலை குனிந்தேன்.

நாலு மணி. எ.வுக்குக் கதை சொன்னேன். துணியை மடிக்கிற இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கும் ஒன்று பிறந்து, ஒன்பது நாளில் போனது. அந்த நினைப்பு இரண்டு பேருக்கும் வந்தது.

"ஆறு, குதிர... அப்புறம்?"

"அப்புறம் மாமியார்."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. அது இருமலாகி நர்ஸ் ஓடி வந்தாள். கிண்ணத்தில் சிவப்பு. நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு வந்ததும் கேட்டாள். "நீங்களா லேபிள மாத்தி ஒட்டினீங்க?"

"ம்."

"என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள். "பாய் சொன்ன முடிவு எனக்கு வேணாம். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நவம்பர் 14, சனி

பன்னிரண்டரை ரயில். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் வெயில். மடியில் மாமியார் பெட்டி. முழங்கால் மரத்துப் போச்சு.

கிள்ளான் கொட்டகையில் ஆப்பரேட்டர் அந்தோணி மட்டும். மெலிந்த ஆள், வாயில் வெற்றிலை. "வாங்கண்ணே! வியாழக்கெழம இங்கயும் சண்டதான். மாமியார் உலக்கையோட ஓடுறா, திடீர்னு வெள்ளம்! உலக்கைய ஆத்துல போட்டுட்டாளான்னு கேக்கிறானுங்க."

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "போட்டுக் காட்டவா? பிலிம் எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கான்னு நானும் பாக்கணும்," என்றார்.

காலிக் கொட்டகை. பகல் மூன்று மணி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கயிற்றைத் தூக்கி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கொட்டகையிலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் அவள் எல்லாப் படமும் பார்த்தாள். தூண் மறைக்கிறது. அங்கேயும் இதே இடத்தில் தூண். ஒரு நாளும் சொன்னதில்லை.

குதிரை வருகிறது. பாறையில் ராணி இல்லை. மடித்த துணி மட்டும் இருக்கிறது. ராஜா தண்ணீரில் இறங்கித் தேடுகிறான், கரையேறுகிறான், உட்காருகிறான். பாட்டு இல்லை. ஆற்றையே காட்டுகிறார்கள். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு, "எறங்கி வாய்யா, எறங்கி வா," என்று கெஞ்சினேன். மேகம் பிளக்கவில்லை. யாரும் வரவில்லை. வெள்ளைத் திரை.

மேலிருந்து அந்தோணியின் குரல். "என்னண்ணே, சாமியே வரல? எங்க ஆளுங்க கொட்டகையக் கொளுத்திருவானுங்க!"

"நல்ல படம்," என்றேன்.

இத்தனை வருஷமாக நான் கேட்ட டைரக்டர் வந்துவிட்டான். வந்த நேரத்தைப் பார்.

நவம்பர் 15, ஞாயிறு

காலை ஆராதனை. என்ன பிரசங்கம் என்று நினைவில்லை. இரவெல்லாம் தீர்மானித்தது: உள்ளபடி சொல்லக் கூடாது.

நாலு மணி. எ. தலை வாரி, எனக்காகவே பவுடர் போட்டிருந்தாள்.

சொன்னேன். ராணி குதித்தாள், ராஜா கதறினான், மேகம் பிளந்தது, பரமசிவன் இறங்கினார். பாயைவிட நன்றாகவே சொன்னேன். ஒரு தாமரையும் சேர்த்துக்கொண்டேன். ராணி அதில் மிதந்து கரைக்கு வந்தாள்.

எ. என்னையே பார்த்தாள்.

"மேகம் அட்டையா?"

"இல்ல. நெசம் மாதிரியே இருந்துச்சு."

"பாட்டு எத்தன?"

"எண்ணல."

"அவரு எறங்கினப்ப நீங்க திட்டலியா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"பத்து வருஷத்துல ஒரு முடிவ நல்லாருக்குன்னு உங்க வாயால நான் கேட்டதில்ல." மெதுவாகத்தான் சொன்னாள். "ராணி செத்துட்டா. அப்படித்தானே?"

என் கண் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்தது.

"செவ்வாய்க்கிழம டாக்டர் கூப்பிட்டாரு. அன்னிக்கே நீங்க லேபிள மாத்தி ஒட்டியிருக்கீங்க. வெள்ளிக்கிழமையே எனக்கு சந்தேகம். ஆனா படத்துல பொய் சொல்ல மாட்டாருன்னு இருந்தேன். இன்னிக்கு அதுவும் சொல்லிட்டீங்க."

அழுதேன். ஆறடி தள்ளி உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாக இல்லை.

"எதுவரைக்கும்னாரு?"

"கிறிஸ்துமஸ்."

"பயமா இருக்குங்க," என்றாள். ஒரே ஒரு தடவை. பிறகு விரலை மடக்கி எண்ணினாள். "வியாழனுக்கு வியாழன் புதுப் படம். ஆறு வரும். ஆறுலயும் முடிவ மாத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

"மாத்த மாட்டேன்."

"இப்ப ஆத்துப் படத்த மறுபடி சொல்லுங்க. ராஜா எப்படி அழுதாரு?"

உள்ளபடி சொன்னேன். பாறை, துணி, ஆறு. ராஜா தண்ணீரிலிருந்து ஏறும்போது மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது, டைரக்டர் குருடன் போல என்றேன்.

"அதானே பாத்தேன்," என்றாள் எ. சிரித்தாள். இருமல் வந்தது. நான் கோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். நர்ஸ் பார்த்தாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நவம்பர் 17, செவ்வாய்

மழை. கூரை ஒழுகல்.

சிங்கப்பூர் மெயில் அரை மணி லேட். புதுப் படம், பெட்டி ஐந்து. போஸ்டரைப் பார்த்தால் குரங்கும் கோமாளியும். உருப்படாது. ஆற்றுப் படம் ஐந்தும் கிள்ளானுக்கு.

பத்து லேபிளையும் எழுதி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஒட்டினேன். மற்றதெல்லாம் வண்டியில். புதுப் படத்தின் கடைசிப் பெட்டியை மட்டும் நானே தூக்கிக்கொண்டு மழையில் நடந்தேன். பாயின் கையில் கொடுத்தேன்.

இன்னும் ஆறு படம்.