பழைய ஃப்ரிட்ஜில் ஒரு பீர் குழாய்

மே 16, சனி

காலையிலேயே வேர்வை. ஃபேன் சுற்றியும் பயனில்லை. புது ஃப்ரிட்ஜ் வந்தாயிற்று. பழையது, ஒற்றைக் கதவு, ஹாலில் துணி போர்த்தி நிற்கிறது. இன்னும் நன்றாகத்தான் குளிர்கிறது. பழைய சாமான்காரனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நாத்தனார் ராணி தாராவியிலிருந்து வந்தாள். போனில் ஒரு வீடியோ. யாரோ ஒருவன் பழைய ஃப்ரிட்ஜுக்குள் பீர் பீப்பாயை வைத்து, கதவில் குழாய் மாட்டியிருக்கிறான். திருகினால் கிளாஸில் பீர்.

"மதினி, அண்ணன் வரும்போது இது ரெடியா நின்னா எப்படி இருக்கும்!"

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

சிரித்தோம். அவள் போன பிறகு துணியை விலக்கி, கதவைத் திறந்து, உள்ளே எவ்வளவு இடம் என்று பார்த்தேன்.

இவர் முப்பதாம் தேதி வருகிறார். குவைத்தில் டிரைவர் வேலை முடிந்தது. இனி லீவு இல்லை. இனி இங்கேதான்.

போன லீவில் வாஷியில் ஒரு கடை. குழாயிலிருந்து பிடித்த பீர். வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். குவைத் ஒரு சொட்டுக்கும் வழியில்லாத ஊர். அந்தச் சிரிப்பு இன்னும் நினைவில்.

மே 23, சனி

ஸ்கூல் ஆபீஸில் எனக்கு அரை நாள்தான் வேலை. நேரே குர்லா. ரிப்பேர் ஒர்க்‌ஷாப் காதர் பாய். மேலப்பாளையத்துக்காரர், நம் ஊர்ப் பேச்சு. விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்குக்கா இது?"

"வீட்டுக்காரருக்கு."

"மாஷா அல்லாஹ். நான் குடிக்க மாட்டேன். ஆனா குழாய் மாட்டித் தர்றதுல தப்பில்ல."

வாங்கியது: பித்தளைக் குழாய், டியூப், ரெகுலேட்டர், பீரைத் தள்ளும் கேஸ் சிலிண்டர். சிலிண்டர் உள்ளே நுழையாது. வெளியே வைத்து, ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போட்டு டியூபை விட வேண்டுமாம்.

"கதவுல எங்க வேணாலும் ஓட்டை போடுங்க. பக்கத்துல பார்த்துப் போடுங்கக்கா. உள்ள கேஸ் பைப்பு ஓடுது. அதுல பட்டுச்சோ, ஃப்ரிட்ஜ் கதம்."

தானே வந்து போட்டுத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் பல்பு முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாம் நானேதான்.

மே 24, ஞாயிறு

மாதா கோவிலிலிருந்து வந்ததும் வேலை. தட்டுகளைக் கழற்றினேன். காதர் பாய் சொன்னபடி சோள மாவை ஸ்பிரிட்டில் குழைத்து பக்கச் சுவரில் பூசி, ஃப்ரிட்ஜை ஓட விட்டேன். பைப் ஓடும் இடத்தில் சூடு, அங்கே மாவு முதலில் காய்ந்தது. வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து. கோலம் மாதிரி. கோட்டுக்குத் தள்ளி ஒரு புள்ளி வைத்தேன்.

டிரில் வாட்ச்மேனிடம் இரவல். புள்ளியில் வைத்து மெதுவாக அழுத்தினேன். உஸ் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். இல்லை. கம்ப்ரஸர் ஓடுகிறது. இயேசுவே, ஸ்தோத்திரம்.

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு பயம் ஃப்ரிட்ஜைப் பற்றி இல்லை. லீவில் வருகிறவருக்கு என்ன சமைப்பது, எங்கே கூட்டிப்போவது, தெரியும். போகாமல் இங்கேயே இருக்கப்போகிறவரோடு என்ன பேசுவது?

மே 30, சனி

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். மீசை முழுக்க நரை.

"துண்டை எங்க போடட்டும்?" என்று கேட்டார். அலமாரியைத் திறக்கும் முன் என்னைப் பார்த்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ராணியும் அவள் வீட்டுக்காரரும். பீப்பாய் நேற்றே வாஷியிலிருந்து வந்து, குளிர்ந்து தயார். துணியை இழுத்தேன். இவர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"நீயா செஞ்ச?"

குழாயைத் திருகினேன். நுரை. கிளாஸ் முழுக்க நுரை. இன்னொரு கிளாஸ், அதிலும் நுரை. ராணி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் நுரையையே குடித்து, உதட்டைத் துடைத்து, "நல்லா இருக்கு" என்றார். விருந்துக்கு வந்த இடத்தில் சொல்வது போல.

அழுகை வந்தது. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மே 31, ஞாயிறு

எழுந்து ஹாலுக்கு வந்தால், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துத் தரையில் படுத்திருக்கிறார். கையில் டார்ச்.

"இந்த டியூபு ரொம்பக் குட்டையா இருக்கோ? கேஸ் ஒரே தள்ளாத் தள்ளுது. அதான் நுரைக்குன்னு தோணுது."

"விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்." என் வாயில் தானாக வருவது அதுதான்.

எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் நீயே பாத்துக்கிட்ட. நான் என்ன செய்யட்டும் ஸ்டெல்லா? ராத்திரி பூரா அதான் யோசன. இந்த வீட்டுல எனக்கு ஒரு வேலையும் மிச்சம் இல்ல."

டிராயரிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கேஸை அடைத்து, மெதுவாகத் திருகிக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டும் வாங்கினேன். சந்தோஷம்.

கோவிலில் பூசை முடிந்து இருவருமாக லோக்கல் பிடித்து குர்லா. காதர் பாய்க்கு வெள்ளிதான் லீவு. "டியூப் நான் குட்டையா வெட்டிட்டேன், என் தப்பு" என்று நீளமானதாக எடுத்துத் தந்தார். இவரிடம், "கொடுத்து வச்ச ஆள் நீங்க" என்றார். இவர் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஜூன் 1, திங்கள்

மழை வந்தேவிட்டது! ஆபீஸிலிருந்து தொப்பலாக வந்தேன். இவர் புது டியூபைச் சுருட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கம்பியால் கட்டி, குளிர விட்டிருந்தார்.

குழாயைத் திருகச் சொன்னேன். நீயே திருகு என்றார். திருகினேன். முதலில் கொஞ்சம் துப்பியது. பிறகு பொன்னிறமாக ஒரே சீராக இறங்கியது. மேலே இரண்டு விரல் நுரை, அவ்வளவுதான். முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார். கசப்பு. ஆனாலும் பாதி குடித்தேன். அவர் கண்ணை மூடிக் குடித்தார்.

"ஏட்டி, அந்த ஓட்டைய எப்படிக் கண்டுபிடிச்சுப் போட்ட?"

மாவுக் கதையைச் சொன்னேன். பைப் எப்படி வளைந்து போனது என்று ஃப்ரிட்ஜின் மேல் விரலால் வரைந்து காட்டினேன். இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை.

காலிங் பெல். எதிர் வீட்டு தேஷ்முக். இத்தனை வருஷமும் வாசலில் நின்று "பாபி, சாப் கப் ஆயேங்கே?" என்று, இவர் எப்போது வருவார் எனக் கேட்டவர். நான் எழுவதற்குள் இவர் போய்க் கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டார்.

"ஆயியே, ஆயியே. அந்தர் ஆயியே. பீர் பியேங்கே?" குவைத் இந்தி.

உள்ளே திரும்பி என்னிடம்: "ஸ்டெல்லா, இன்னொரு கிளாஸ்!"

மூன்றாவது கிளாஸைக் கழுவி எடுத்து வந்தேன்.