சுவரில் தொங்கும் போர்வைகளை அவிழ்க்காதீர்கள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. நான் பல் டாக்டரிடம் போகிறேன். கூடத்துச் சுவரில் போர்வைகளைக் காயப்போடவில்லை. உங்கள் புது ஸ்பீக்கர்களுக்காகத்தான் கட்டியிருக்கிறேன்.

உங்கள் தும்மலுக்காகக் கம்பளத்தைத் தூக்கிப் போட்டதிலிருந்து அவ்வளவு பெரிய கூடம் கிணறு மாதிரி எதிரொலிக்கிறது. நேற்று ரேடியோ நாடகத்தில் கொலைகாரன் பெயரைச் சொன்னபோது ஒன்றுமே புரியவில்லை.

"யாருங்க கொன்னது?" என்றேன்.

நீங்கள் சத்தத்தைக் கூட்டினீர்கள். நாலு பேர் சேர்ந்து கொன்ற மாதிரி கேட்டது.

"ஸ்பீக்கரை மூலைலேர்ந்து நகர்த்துங்களேன்."

"உனக்குத்தான் காது போச்சு. ஹெட்போன மாட்டிக்கிட்டு உள்ள போய்க் கேளு."

அதோடு நம் பேச்சுவார்த்தை முடிந்தது.

காலையில் நீங்கள் நடக்கப் போனதும் இரண்டு ஸ்பீக்கரையும் நம் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். எதிரொலியை உறிஞ்சப் போர்வைகளையும் சுவரில் கட்டிவிட்டுக் கைதட்டிப் பார்த்தேன். ஒரு தட்டுக்கு ஒரு சத்தம்தான் கேட்டது. என் காது பிழைத்துக்கொண்டது, மகாராஜா.

ஸ்பீக்கர் ஒயரை ஒழுங்குபடுத்த எலக்ட்ரீஷியன் வருவான். அவன் "இது யார் ஐடியா சார்?" என்று கேட்டால் உங்களுடையது என்றே சொல்லிக்கொள்ளுங்கள். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பி.கு: நேற்றைய நாடகத்தை மறுபடி போடுகிறார்களாம். நான் வரும்வரை வைக்காதீர்கள். ஹெட்போனில் கேட்டால் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும்தான். ஆனால் "அவன் இல்லடி, டிரைவர்தான்" என்று தப்புத் தப்பாகச் சொல்ல எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.