நாலு விரல் தூரமும் ஒரு ஜெபச் சீட்டும்

ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
வியாழக்கிழமை

என் அன்பு மகள் கரோலினுக்கு மம்மி எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நான் சுகம், உன் தம்பி ஷெர்வின் சுகம், கோழிகள் சுகம், உன் டாடி இடுப்புக்கு மேலே சுகம், இடுப்புக்குக் கீழேயும் சுகம், நடுவில் மட்டும் சுகமில்லை. அங்கே பெர்த்தில் நீயும் உன் முதுகும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. கையில் போன் இருக்கும்போது மம்மி ஏன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் டாடி ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதையும் எடுத்துக் கேட்கிறார். எனக்கு உன்னிடம் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நம் சபை டென்சில் லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான், அச்சு முறுக்கு டப்பாவோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாயே, எனக்கு அப்போதே சந்தேகம், ஏனென்றால் நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது மட்டும்தான் மம்மிக்குக் காபி வேண்டுமா என்று கேட்பாய். பெர்த்திலிருந்துகொண்டு காபி வேண்டுமா என்று கேட்டாய். மூன்று வாரம் கழித்து ஷெர்வின்தான் பெங்களூர் டிரெயினிலிருந்து இறங்கி வந்து உண்மையைக் கக்கினான். எடை தூக்கும் போட்டியில் நூற்று நாற்பத்திரண்டரை கிலோவைப் பிடித்து இழுத்தாயாம், முழங்கால் வரை வந்ததாம், அங்கேயே முதுகு பிடித்துக் கீழே போட்டாயாம், அந்த வீடியோவையும் காட்டினான். ஒரு நர்ஸ், ஊர் முதுகுக்கெல்லாம் ஒத்தடம் கொடுப்பவள், தன் முதுகைப் பற்றித் தாயிடம் மறைப்பது சரியா. அது போகட்டும். அதற்கப்புறம் நீ போனில், இனிமே தூக்கமாட்டேன் மம்மி, இடுப்பு பெல்ட்டக்கூட வித்துட்டேன் என்று சொன்னாய் பார், அன்று உன் குரலில் உயிரே இல்லை.

அன்று முதல் உன் டாடிக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் நீ மறுபடி தூக்குவாய் என்பது அவர் எண்ணம். நந்திதுர்க் தங்க மைனில் அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த ஏனோக் அங்கிளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வீடியோவை நாளுக்கு இருபது தடவை பார்த்தார்கள். கடைசியில் ஏனோக் அங்கிள், இன்னாபா மாணிக்கம், பொண்ணு திரும்பி நிக்கிதே, அதான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, பூமிக்கடியில் கல் வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கினால் இவர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கையைப் பின்னால் விட்டு விளிம்பைப் பிடித்து, காலால் உந்தி எழுந்து வண்டியை மேலே ஏற்றுவார்களாம். அதனால் உலகத்தில் எதைத் தூக்கினாலும் முதுகைக் காட்டித்தான் தூக்க வேண்டுமாம், ஆஸ்திரேலியாக்காரனுக்கு இது தெரியவில்லை, புள்ளைக்கும் சொல்லித்தரவில்லை. அதைச் செய்து வீடியோ எடுத்து உனக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நீ தூக்கும் கம்பி மாதிரியே இருக்க, பர்னபாஸ் வெல்டிங் கடையில் ஒரு பைப்பு வாங்கி வந்து இரண்டு முனையிலும் சிமெண்ட் ஊற்றினார்கள். ஒரு முனைக்குப் பெயிண்ட் டப்பா கிடைத்தது. இன்னொரு முனைக்கு நான் கிறிஸ்மஸுக்கு மாவு பிசையும் அலுமினியக் குண்டானை எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள். அது இன்னும் சிமெண்டை விட்டு வரவில்லை, இனி வரவும் வராது.

அன்று பார்த்துத் தண்ணீர் விடும் நாள், எட்டு நாளுக்கு ஒருதடவை, வாசலில் பதினோரு குடம் நிரப்பி வரிசையாக வைத்திருக்கிறேன். உன் டாடி கம்பிக்கு முதுகைக் காட்டிக் குந்தினார், கையைப் பின்னால் விட்டார், ஏனோக் அங்கிள் போனைப் பிடித்துக்கொண்டு, ஏறு ஏறு என்று சத்தம் கொடுத்தார். கம்பி நேராக வந்து முழங்காலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை, மனுஷன் அப்படியே கம்பிமேல் உட்கார்ந்துவிட்டார். நம் லைன் வீட்டு வாசல் சரிவாக இருப்பது உனக்குத் தெரியும். கம்பி உருண்டது, உன் டாடியும் அதன்மேல் உட்கார்ந்தபடியே நாலு அடி சவாரி போய் என் குடங்களுக்குள் இறங்கினார். முதுகு போனது ஒரு பக்கம், எட்டு நாள் தண்ணீர் போனது இன்னொரு பக்கம், நான் எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் தண்ணீருக்கு அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நிமிர முடியாமல் குனிந்தே நின்றார், பாஸ்டர் பிரசங்கத்தில், நம்ம மாணிக்கராஜ் பிரதர் மாதிரி தாழ்மை வேணும் என்று சொல்லிவிட்டார். இவரும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. நம் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒரு பெட்டி வைப்பார்கள் இல்லையா, விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டால் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், பாஸ்டர் பெட்டிமேல் கைவைத்து ஜெபிப்பார். உன் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் ஒரு சீட்டுப் போட்டேன். என் மகள் கரோலின் அந்த இரும்பைத் தூக்குவதை விட்டுவிட வேண்டும் என்று எழுதினேன். முப்பத்திரண்டு வயதாகிறது, தோள் அகலமாகிவிட்டது, யார் கட்டுவார்கள் என்று அந்தக் கவலையில் எழுதினேன். மறுநாளே உன் முதுகு பிடித்துக்கொண்டது. நீ விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று முன்பின் யோசிக்காமல் சந்தோஷத்தில் பாஸ்டரம்மாவிடம் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். ஜெபம் நிறைவேறினால் சபை முன் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், பாஸ்டரும் ஞாயிறுதோறும், எப்ப சிஸ்டர் சாட்சி என்று கேட்கிறார். தேதியைக் கூட்டிப் பார்த்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் பிள்ளை முதுகை நானே முழங்கால் போட்டுக் கேட்டு உடைத்துவிட்டேனே என்று பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

உன் டாடியைக் கோலாரில் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனேன். ரோஜா என்று ஒரு பெண், சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. முதல் பதினைந்து நாள் நடை மட்டும், அப்புறம் படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்கும் பயிற்சி, அதற்கப்புறம் துடைப்பக் கட்டையைத் தூக்கலாம், கம்பி பக்கம் போனால் நான் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள் என்றால் இவருக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்த்து, ஆன்ட்டி, ரெண்டு கையிலயும் பாத்திரம் இருந்தா பிரிட்ஜ் கதவ எப்படி சாத்துவீங்க என்று கேட்டாள். நான் பின்பக்கத்தால் சாத்திக் காட்டினேன். அதான் அங்கிள், ஆன்ட்டிகிட்ட கத்துக்குங்க என்றாள். பஸ் பங்காருப்பேட்டை வரும்வரை உன் டாடி என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தே வந்தார். அங்கிருந்து கிளம்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடமே உன் வீடியோவையும் காட்டினேன். ஒரே தடவைதான் பார்த்தாள். அக்காவுக்கு பலம் இருக்கு ஆன்ட்டி, கம்பி காலுக்கு நாலு விரல் தள்ளி இருக்கு, அதனால இடுப்பு முதல்ல எழுந்திடுச்சு, முதுகு வளைஞ்சிடுச்சு, அவ்ளோதான் என்றாள். கம்பி காலைத் தொட்டுக்கொண்டே வர வேண்டுமாம், வயிற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்பியை இழுக்காமல் தரையைக் காலால் கீழே தள்ள வேண்டுமாம். கல் வண்டிக்கும் நாங்க அதான் செய்வோம் என்று உன் டாடி நடுவில் புகுந்தார், ஆமா அங்கிள், அத முன்னாடி திரும்பிச் செய்யணும் என்றாள். எனக்கு அதற்குமேல் அவர்கள் பேச்சு காதில் விழவில்லை. நாலு விரல், என் சீட்டு இல்லை, நாலு விரல் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. போன வாரம் தண்ணீர் நாளில் அந்தச் சனியன் பிடித்த கம்பி குழாயடிக்குக் குறுக்கே கிடந்தது. உன் டாடியும் ஏனோக் அங்கிளும் எதிர்வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் அதை எப்படி நகர்த்துவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். தண்ணீர் அதற்குள் நின்றுவிடும். நான் புடவையைச் செருகிக்கொண்டு போய், காலோடு ஒட்டி நின்று, பிரிட்ஜை நினைத்துக்கொண்டு பின்னால் தள்ளி, தரையை மிதித்தேன். கரோலின், அது வந்துவிட்டது. தொடை வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் என்னவோ செய்தது, இதற்காகத்தான் நீ விடியற்காலையில் எழுந்து ஜிம்முக்கு ஓடினாய் என்று அப்போதுதான் புரிந்தது. இதைப் போய் என் பிள்ளை விட வேண்டும் என்று கேட்டேனே.

ஞாயிறு மத்தியானம் தொடர்கிறேன். இன்று பாஸ்டர் மறுபடியும் சாட்சி கேட்டார். எழுந்து நின்று நடந்ததை முழுவதும் சொல்லி, நான் கேட்டது தப்பு, அந்த ஜெபத்த திருப்பி வாங்கிக்கிறேன் பாஸ்டர் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இதுக்கு முன்னாடி யாரும் திருப்பி வாங்கலியே சிஸ்டர், புதுசா ஒரு சீட்டு எழுதிப் போட்டுடுங்க என்றார். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து உன் டாடி மெதுவாக நிமிர்ந்து எழுந்தார். அதே வெள்ளிக்கிழமை, அதே பெட்டியில் நானும் ஒண்ணு போட்டேன் பாஸ்டர், என் பொண்ணு நூத்தி நாப்பத்திரண்டரையத் தூக்கணும்னு என்றார். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கவும் வேண்டும், தூக்கவும் கூடாது என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு சீட்டுப் போனால் ஆண்டவர்தான் என்ன செய்வார், முழங்கால் வரை தூக்கவிட்டு நிறுத்திவிட்டார்.

அதனால் இன்று ஒரே சீட்டுத்தான் போட்டோம், கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கிலோ எழுதவில்லை, அது உனக்கும் உன் முதுகுக்கும் விட்டது. அவசரப்படாதே, துடைப்பக் கட்டையிலிருந்து ஆரம்பி, புது பெல்ட் வாங்கிக்கொள், நாலு விரலை மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் உன் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் காப்பாராக. அச்சு முறுக்கில் டென்சிலுக்குப் பாதி கொடு. அடுத்த தடவை எங்கேயாவது பிடித்துக்கொண்டால் காபி வேண்டுமா என்று கேட்காமல் நேராகச் சொல்.

முத்தங்களுடன்,
உன் மம்மி பியாட்ரிஸ்,
நாற்பத்தாறு கிலோ
(இது என் எடை இல்லை, நான் தூக்கியது. ஏனோக் அங்கிள் காயலான் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டார், குண்டானோடு சேர்த்து.)