டேங்க் நிறைந்த பிறகும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் தங்கைக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியாகிவிட்டது, வாயைத் திறக்க முடியாமல் இருக்கிறாள், வீடு அமைதியாக இருக்கிறது, அதுவும் நல்லதுதான். போனில் நீ 'வண்டி நல்லா ஓடுதாம்மா' என்று கேட்கும்போதெல்லாம் 'ஓடுது ஓடுது' என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஓடத்தான் செய்தது. ஆனால் அதில் நடந்ததைச் சின்னவள் பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படித்துவிட்டு அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே.

அப்பா போன பிறகு அவருடைய சின்ன லாரியை நான்தான் ஓட்டுகிறேன், சலவைக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்புகள் கொண்டுபோய்க் கொடுக்கிற அதே வேலை. கொஞ்ச நாளாகப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் போதும், வண்டிக்குள் வாடை குப்பென்று ஏறும், கண்ணாடியை இறக்கினாலும் போகாது, தலை கிறுகிறுக்கும். டேங்க் பாதியாகக் குறைந்ததும் தானாக அடங்கிவிடும், மறுபடி நிரப்பினால் மறுபடி வரும். விரிப்புகளிலும் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. தலைமை நர்ஸ் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, 'இதுலயா நோயாளியைப் படுக்க வைக்கச் சொல்றீங்க, இன்னொரு தடவை இப்படி வந்தா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவோம், சொல். சின்னவள் லாரியை விற்றுத் தொலை என்று சைகையிலேயே சொல்கிறாள், அவளுக்குப் பல்லில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அப்பாவோடு சுற்றுவாரே ஒல்லி மெக்கானிக், அவரிடம் கொண்டுபோனேன். அன்றைக்கென்று பார்த்து அவருக்குச் சளி, வாடையே தெரியவில்லை, நான் கதை விடுகிறேன் என்பதுபோல் பார்த்தார். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது என்று புது மூடி போட்டார், வாடை போகவில்லை. அடியில் படுத்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாயை டார்ச் அடித்துப் பார்த்தார், விரிசலும் இல்லை, ஈரமும் இல்லை. கடைசியில் டேங்க் பக்கத்தில் இருக்கிற கரி டப்பாவைக் கழற்றினார். டேங்கில் எழும்புகிற ஆவியை அதில் இருக்கிற கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம், ஆவிதான் அதற்குள் வரலாம், டேங்க் வழிய ஊற்றிப் பெட்ரோலே ஏறிவிட்டால் கரி நனைந்து வாடையை வெளியே விட்டுவிடுமாம். அவர் சாய்த்ததும் பெட்ரோலே சொட்டியது. 'பம்ப் தானா நின்னதுக்கு அப்புறமும் வண்டியை ஆட்டி ஆட்டி ஊத்தறீங்க, அப்படியே அவரு மாதிரி' என்றார். உனக்கு மறந்திருக்காது, பம்ப் நின்றதும் அப்பா இறங்கிப்போய் இடுப்பால் லாரியை முட்டி முட்டி ஆட்டுவார், உள்ளே இருக்கிற காற்று வெளியேறினால் இன்னும் ஒரு டம்ளர் பிடிக்கும் என்பார், சிறுதுளி பெருவெள்ளம் என்பார், நமக்கு மானம் போகும். நான் செத்தாலும் அப்படிச் செய்யமாட்டேன் என்று மெக்கானிக்கிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் வேறு டப்பா மாட்டிக் கொடுத்தார். அடுத்த முறை நிரப்பியதும் அதே வாடை.

சரி, பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண்தான் அளவுக்கு மீறி ஊற்றுகிறாள் என்று அவளைக் கேட்கப் போனேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். 'பம்ப் நின்னதும் நான் கையை எடுத்துடறேம்மா, நீங்கதானே இறங்கி வந்து வண்டியை ஆட்டறீங்க, இன்னும் பிடிக்கும் ஊத்துன்னு அதட்டறீங்க' என்றாள். அதோடு விட்டாளா, 'அப்ப மட்டும் உங்க குரல் ஏம்மா அப்படிக் கரகரன்னு மாறிப்போகுது' என்று வேறு கேட்டாள். வண்டியை நிறுத்தியது நினைவிருக்கிறது, காசு கொடுத்துக் கிளம்பியது நினைவிருக்கிறது, நடுவில் எதுவுமே இல்லையடா, துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.

அன்றைக்கு நான் இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்து, ஊற்றம்மா என்றேன். பட்டப்பகல், நல்ல வெயில். பம்ப் டக்கென்று நின்றது, அவள் குழாயை எடுத்துவிட்டாள். அப்புறம் லாரி ஆடியது. என் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, திரும்பவும் சாய்ந்தது. காற்று இல்லை, பக்கத்தில் வேறு வண்டி இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், அந்தப் பெண் தள்ளிப்போய்ப் பேயறைந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். நான் பயந்திருக்க வேண்டும், எனக்கோ கோபம்தான் வந்தது. 'போதும்ங்க, நிறைஞ்சிடுச்சு, இருக்கிற வேலையும் போகப்போகுது, விட்டுத் தொலைங்க' என்று கத்தினேன். லாரி நின்றுவிட்டது.

மெக்கானிக் இன்னொரு டப்பா மாட்டினார். அதன் பிறகு எத்தனையோ முறை நிரப்பிவிட்டேன், வாடையும் இல்லை, ஆட்டமும் இல்லை. தலைமை நர்ஸ் விரிப்பை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டுகிறார், வேலை தப்பித்தது. ஆனால் வண்டிக்குள் ஏறினால் எனக்கு அழுகையாக வருகிறது. அவர் உயிரோடு இருக்கும்போதுகூட அவரை அப்படி நான் அதட்டியதில்லை.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அம்மாவுக்கு அது போதும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ வாங்கியிருக்கிற புதுக் காருக்குப் பெட்ரோல் போடும்போது பம்ப் நின்றதும் நிறுத்திவிடு, ஆசைப்பட்டு மேலே ஊற்றாதே. இங்கே அவர் வருவதில்லை, அங்கேதான் வந்திருப்பாரோ என்னவோ. கார் ஆடினால் பயப்படாதே. கொஞ்ச நேரம் ஆட்டட்டும், விடு. பிறகு மெதுவாக, 'போதும்ப்பா' என்று சொல், கேட்டுக்கொள்வார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா