ஆமெனுக்குப் பிறகு

ஜூன் 3, செவ்வாய்

கல்யாண கவுனில் இன்னும் கழுத்துப் பக்கமே முடியவில்லை. முத்துமணி தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போகிறது. வீட்டிலிருந்தே தைப்பதால் நான் சும்மா இருக்கிறேன் என்று மாமியாருக்கு நினைப்பு. வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். அன்றன்று செய்த தப்பை அவரவர் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வீட்டில் நான் கொண்டுவந்த சட்டம் இது. சின்னவன் உருண்டைக்கு மூன்று வயது முடியவில்லை, எல்லோருக்கும் முந்தி ஆமென் போட்டுவிடுவான். பெரியவள் வாலுவுக்கு ஆறு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இயேசப்பா, அம்மாவோட முத்து டப்பாவத் தொட்டுட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாள். ஆமென் சொன்ன கையோடு முதுகில் ஒன்று வைத்தேன். "இயேசப்பா மன்னிச்சிட்டாரு, நான் இன்னும் மன்னிக்கல" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

இவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, ஜெபத்தில் சொன்னதற்கு அடிக்கலாமா என்று கேட்டார். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து பிள்ளை வளர்க்க எனக்குச் சொல்லித்தருகிறார்.

ஜூன் 5, வியாழன்

வாலு வாயைத் திறக்காமல் ஜெபம் செய்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. கேட்டால் மனசுக்குள் சொல்லிவிட்டாளாம். பக்தி கூடிவிட்டது போல.

ஜூன் 9, திங்கள்

வெட்டிப்போட்ட வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாலு கல்யாணப் பெண் ஆனாள். உருண்டை மாப்பிள்ளை. நான்தான் போதகர். சம்மதமா என்று மாப்பிள்ளையைக் கேட்டால், "பிஸ்கட்" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆண்டவரே, பிள்ளைகளைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம். இப்படி ஒரு சாயங்காலம் கிடைத்தால் போதும், மற்ற நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது மறந்துபோகிறது.

ஜூன் 14, சனி

உருண்டைக்குக் காய்ச்சல், காலையிலிருந்து சிணுங்குகிறான். காதைப் பிடித்து இழுக்கிறான். தெரு முனை டாக்டர் சளி என்று சொல்லி மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து விடுவதற்குள் என் கன்னத்தில் நாலு கீறல்.

ஜூன் 16, திங்கள்

காய்ச்சல் இறங்கவில்லை. காதிலிருந்து சீழ் வருகிறது. அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறான். பிடிவாதமா? கேட்கவில்லையா? அந்தக் காதுக்குப் பின்னால் போய் மெதுவாகச் சொடக்குப் போட்டேன். திரும்பவில்லை.

போதகர் வீட்டம்மா வந்து தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, விசுவாசமாக இருக்கச் சொன்னார்கள். விசுவாசம் இருக்கிறது. பயமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

வாலு தம்பி பக்கமே வருவதில்லை. முன்பெல்லாம் அவனை இடுப்பிலிருந்து இறக்கமாட்டாள். பொறாமையாக இருக்கும்.

ஜூன் 18, புதன்

காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள வெள்ளையா ஏதோ இருக்கேம்மா. முத்து மாதிரி."

என் முத்து. என் டப்பா.

சுற்றிலும் வீங்கியிருப்பதால் முழித்திருக்கும்போது எடுக்க முடியாதாம். நாளைக்கு மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்கள். செவிப்பறை என்ன ஆனது என்பதை எடுத்த பிறகுதான் சொல்ல முடியுமாம். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுடைய அந்தக் காதில் பேசிக்கொண்டே வந்தேன். பைத்தியக்காரி மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் வாலுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்பாள் என்று நினைத்தேன். தெரியும் என்றாள். அடி வாங்கிய மறுநாள் மறுபடியும் டப்பாவை எடுத்தது அவள்தான். கடை வைத்து விளையாடியிருக்கிறார்கள். அவள் திரும்புவதற்குள் இவன் ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டானாம்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. இயேசப்பாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். தினமும் சொல்றேன்."

அவளே சொன்னாள்: "உன்கிட்ட சொன்னா அடிப்ப. அவரு அடிக்க மாட்டாரு. ஆனா அவரு எடுக்கவும் இல்லம்மா."

கை ஓங்கிவிட்டேன். ஓங்கினேன், எழுதத்தான் வேண்டும். அவள் ஓடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், ஜெபத்துக்கு மூடுகிற மாதிரியே.

கை தானாக இறங்கிவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

எடுத்தாயிற்று. செவிப்பறையில் சின்ன ஓட்டை. பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும் என்கிறார் டாக்டர். மூடாவிட்டால்? அதை அப்புறம் பார்க்கலாமாம். நர்ஸ் அந்த முத்தைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தாள். இத்தனூண்டு.

தெரு முனை டாக்டருக்குத் தெரியாததும், எனக்குத் தெரியாததும் வாலுவுக்குத் தெரிந்திருந்தது. தனியாக, ஆறு வயதில், இத்தனை நாளும் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் பொறாமை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜெபத்தில் இன்று முதலில் நான் சொன்னேன். "ஆண்டவரே, பிள்ளை உங்ககிட்ட சொன்னத ஒட்டுக்கேட்டு அடிச்சேன். மன்னிச்சிடுங்க." சொல்லும்போது அழுதுவிட்டேன். உருண்டை வழக்கம்போல் பாதியில் ஆமென் போட்டான்.

ஜெபத்தில் கேட்டது ஜெபத்தோடு போகும், யாரும் அதற்காகத் திட்டவோ அடிக்கவோ கூடாது என்று புதுச் சட்டம். இவர் உடனே, நான் ஒளித்துவைத்த கேக்கைத் தின்றது தான்தான் என்று ஜெபித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு பரிமாறினேன். வாலு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு ஜெபத்தில் திரும்ப வந்துவிடுவாள் என்று நினைத்தேனா?

ஜூலை 2, புதன்

இன்றும் உதடு மட்டும்தான். உள்ளே என்ன வைத்திருக்கிறாளோ. கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

ஓட்டை மூடிவிட்டது. காது கேட்கிறது. டாக்டர் அறையிலேயே அழுதேன், உருண்டை என் கண்ணைத் துடைத்துவிட்டு அதே கையை வாயில் வைத்துக்கொண்டான்.

கவுன் முடிந்து மாட்டியிருக்கிறது. திங்கட்கிழமை வாங்க வருகிறார்கள்.

சாயங்காலம் ஜெபத்தில், இவர் முடித்த பிறகு, ஒரு சின்னக் குரல். "இயேசப்பா, கல்யாண கவுன்ல பேனா பட்டுடுச்சு. நான்தான். துடைச்சேன், போகல. மன்னிச்சிடுங்க."

கண்ணைத் திறக்கவில்லை நான். எங்கே? முன்பக்கமா? எத்தனை பெரிதாக? ஆமென் என்றார் இவர். கண்ணைத் திறந்தால், வாலு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் தட்டை எடுத்து அவளுக்குச் சாப்பாடு போட்டேன். என்ன போட்டேன் என்று தெரியாது. கவுன் இருக்கிற அறைப் பக்கம் திரும்பவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தாள். எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, "அம்மா, இப்ப உன்கிட்டயும் சொல்லட்டுமா?" என்றாள்.

ஈரக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சொல்லும்மா" என்றேன்.