பல்லிக்குத் தண்டனையும் பாராட்டும்

மார்ச் 4
தீயணைப்பு நிலைய அதிகாரி நாற்காலி இன்னும் உடம்புக்குப் பழகவில்லை. போன மாதம்வரை “வா, போ” என்றவர்கள் இப்போது “மேடம்” என்கிறார்கள். பல்லி மட்டும் அதைச் சொல்லும்போதே சிரித்துவிடுகிறான். எந்தச் சுவரிலும் ஏறிவிடுவான், அதனால்தான் பல்லி.

மார்ச் 11
பெயின்ட் கிடங்கில் தீ. கூரை இரும்பு வளைய ஆரம்பித்ததும் எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். வந்தார்கள். பல்லியும் வந்தான் – வந்தவன் திரும்பி உள்ளே போய்விட்டான். “வாடா வெளிய!” என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. உள்ளே சிக்கியிருந்த கிடங்குக் காவல்காரரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவர்கள் வாசலைத் தாண்டியதும் கூரை விழுந்தது.

காவல்காரர் பிழைத்துக்கொள்வார்.

மார்ச் 12
நிலையமே பல்லியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. நானும் கை கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அவன் பின்னாலேயே உள்ளே ஓடப்போன இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்தேனே, அதை யாரும் பேசவில்லை. அவன் என் சொல்லைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். எல்லோரும் அவனைப்போலச் செய்திருந்தால்?

இதில் எதை மேலிடத்துக்கு எழுதுவது?

மார்ச் 13
கோட்ட அதிகாரி போனில்: “பதக்கத்துக்கு எழுதறதுன்னா எழுதும்மா. இல்ல, நடவடிக்கை எடு. ஒரே ஆளுக்கு ரெண்டும் அனுப்பினா மேல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார்.”

நானா சொன்னேன்?

மார்ச் 14
பல்லியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதக்கத்துக்குப் பரிந்துரை. கூடவே, ஒரு மாதம் வண்டியில் ஏறக் கூடாது. நிலையத்தில் குழாய் கழுவ வேண்டும்.

“நான் செஞ்சது சரியா, தப்பா? ஒண்ணு சொல்லுங்க.”

“அந்த ஆள் உயிரோட இருக்கார். சரிதான். உன் பின்னால ரெண்டு பேர் சாகக் கிளம்பினாங்க. தப்புதான்.”

“குழப்பறீங்க.”

“எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு.”

கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மார்ச் 17
யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மார்ச் 19
பல்லியின் மனைவி வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

“அக்கா, பதக்கம் மட்டும் கொடுத்திருந்தா, அடுத்த தடவை அவரை நான் துணி போத்திதான் பாத்திருப்பேன். தண்டனை மட்டும்னா வேலைய விட்டுட்டு வந்திருப்பார். வீட்டுலயே இருந்தா என் உயிர வாங்கிடுவார்.”

இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. என்ன இது?

ஏப்ரல் 22
அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ. படிக்கட்டு தாங்காது என்று தோன்றியது. வெளியே வரச் சொன்னேன். முதல் ஆளாக வந்தவன் பல்லி. எல்லோர் முன்னாலும் என் எதிரே வந்து நின்றான்.

“தப்பான முடிவு மேடம். பின்பக்கப் படி நல்லா இருக்கு. மூணாவது மாடியில ஒரு அம்மா இருமறாங்க.”

சுருக்கென்றது. பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

“ரெண்டு பேர் போங்க. கயிறு கட்டிக்கிட்டு.”

“போலாமா?” என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டே போனான்.

அந்த அம்மா நன்றாக இருக்கிறார். அவருடைய பூனையையும் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான், கழுத்தெல்லாம் கீறல். அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை.