யூதர் இல்லாத பக்கம்

மார்ச் 9, 1976. செவ்வாய். தேரா, வளைகுடா

புழுதிக்காற்று. ஜன்னலை அடைத்தும் டைப்ரைட்டருக்குள் மணல்.

புது வேலை. அரபியர் அறிவு ஐரோப்பா போன கதை, கண்காட்சிக்கான சிறு புத்தகம். அரபியில் எழுதியவர் உஸ்தாத் கலீல், பாலஸ்தீனியர், பள்ளியில் சரித்திரம் நடத்துகிறார். ஆங்கிலமாக்குவது நான்.

இன்று ஸ்பெயின் பகுதி. அந்நாட்டுக் கிறிஸ்தவ ராஜாவுக்கு அரபி வராது. அரபி அறிந்த யூத அறிஞர்கள் நட்சத்திர சாஸ்திர நூல்களை வாசித்து அவன் மொழியில் சொல்லச் சொல்ல, எழுத்தர்கள் எழுதினார்களாம். சுல்தான்களிடம் தூது போனதும் அவர்களே. இத்தனை நாள் சிமெண்ட் ஒப்பந்தம் மொழிபெயர்த்தவனுக்கு விருந்து. டீ ஆறிப்போனது.

மார்ச் 10. புதன்

கோபம் எரிகிறது. மேனேஜர் சிவராமன் (திருச்சி) வந்து எட்டிப் பார்த்தார்.

"ஹமீது, யூதர்னு வர்ற இடத்துலல்லாம் 'உள்ளூர் அறிஞர்கள்'னு போட்டுடுங்க."

"யாராச்சும் சொன்னாங்களா சார்?"

"சொல்ற வரைக்கும் காத்திருக்கணுமா? நமக்கு விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட்தான்."

யாருமே சொல்லவில்லை! இவராகவே நடுங்குகிறார். அதற்கு நான் பொய் எழுத வேண்டுமாம்.

"உஸ்தாதைக் கேக்காம மாத்த மாட்டேன்."

"போய்க் கேளுங்க. பாலஸ்தீனியர்தானே, சந்தோஷப்படுவார்."

மார்ச் 11. வியாழன்

மதியம் அப்ரா படகு ஏறி அக்கரை. உஸ்தாத் வீடு. சொன்னேன். முகம் சிவந்தது. காபி கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஹைஃபாவில் என் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்தக் கோபம் என்னுடையது. அதற்காக, எழுநூறு வருடத்துக்கு முன் செத்தவர்களின் உழைப்பை நான் திருடுவதா? என் பெயரில் பொய் போகாது. கலாஸ், அவ்வளவுதான்!"

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 13. சனி

உஸ்தாத் அலுவலகம் வந்து ஸ்பெயின் பகுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். சிவராமன் சாருக்கு நிம்மதி. "பிரச்சனை தீர்ந்தது. நீங்களே ஒரு பக்கம் எழுதிடுங்க, யூதர் இல்லாம."

"முடியாது சார்."

"வேலை வேணாமா?"

"வேணும். இது முடியாது." கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

மார்ச் 15. திங்கள்

புரூஃப் வந்தது. ஸ்பெயின் பகுதி வர வேண்டிய பக்கத்தில் ஒட்டகப் படம். முழுப் பக்கம்.

"நல்லாருக்குல்ல?" என்கிறார் மனிதர்.

இறங்கி வந்துவிட்டேன். நேரே உஸ்தாத் வீடு. அந்தப் பகுதியின் மொழிபெயர்ப்பை ஒரு சொல் குறையாமல் கொடுத்தேன். அடியில் என் பெயர், தகப்பனார் பெயரோடு.

"பெயரை எடுத்துவிடு, யா ஹமீது. உனக்கு ஆபத்து."

இருக்கட்டும் என்றேன்.